சாடிக்குள் காற்று

ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் கறிவேப்பிலைக் கன்று தாகத்தில் சாவது அபூர்வம். பெரும்பாலும் மூழ்கித்தான் சாகிறது. மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும். அடியில் நாலு விரற்கடைக்குச் சேறு. இலை தொங்கிப்போகும். தொங்கிய இலையைக் கண்டதும் நம் கை தானாகவே குவளையைத் தேடும். ஊற்றுவோம். மறுநாள் இன்னும் வாடும், இன்னும் ஊற்றுவோம். கன்று போனதும், "இந்த மண்ணே சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நர்சரியில் இன்னொரு கன்றும் இன்னொரு பை கறுப்பு மண்ணும் வாங்கி வருவோம். சாடித் தோட்டத்தில் காசு எங்கே கரைகிறது என்று கேட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் காட்டுவேன். உரமும் மருந்தும் அதற்கு அப்புறம்தான்.

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் அது தண்ணீரையே உறிஞ்சுகிறது. அந்தச் சந்துகளில் தண்ணீர் நின்றுவிட்டால், ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைந்துபோகும். மூச்சு முட்டிய வேர் உறிஞ்சுவதை நிறுத்துகிறது. தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுவது இப்படித்தான். பிறகு பித்தியம், ஃபைட்டோஃப்தோரா வகை அழுகல் கிருமிகள் மிச்சத்தை முடித்துவைக்கும். அப்படிச் செத்த கன்றின் வேரை இழுத்துப் பாருங்கள், தோல் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வரும்.

இதில் நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் சாடித் தோட்டம் கற்றுக்கொள்வது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளிகளில். அவற்றில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் தலைக்கு மேல் இருக்கும் வானம் வேறு. தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகள் (கிட்) கொடுத்தபோது, விதையோடு தென்னை நார்க்கழிவுக் கட்டியும் சேர்த்துக் கொடுத்தது. சென்னை மொட்டை மாடியின் மே மாத வெயிலில் அது சரியான யோசனை. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துச் செடியைக் காப்பாற்றும். இங்கே ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழையே இல்லாத மாதம் என்று காலண்டரில் ஒன்றைச் சுட்டிக்காட்டுவது கடினம். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை ஏறினால் நாள் கணக்கில் விடாது. 2006 டிசம்பரும் 2007 ஜனவரியும் ஜொகூரை எப்படி முக்கி எடுத்தன என்பதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வானத்துக்குக் கீழே முழுச்சாடி நார்க்கழிவு என்றால், தண்ணீர் பிடிப்பதற்கென்றே ஒரு பொருளை வாங்கி மழையில் வைத்த கதைதான்.

சின்னக் கணக்கு ஒன்று. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சாடி. பிற்பகல் இடிமழை ஒன்று 50 மில்லிமீட்டர் பெய்கிறது. இங்கே அது அதிசயமில்லை. அந்தச் சாடியின் வாய்க்குள் விழும் தண்ணீர் மூன்றரை லிட்டர். அதுவும் நேராக விழும் மழை மட்டும். நம் தாமான்களில் சாடிகளை எங்கே வைக்கிறோம்? கார் போர்ச்சின் விளிம்பில், கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழே. கூரையின் பங்கையும் அந்தச் சாடியே வாங்கிக்கொள்கிறது. இரண்டடி உள்ளே தள்ளி வைத்தாலே பாதிச் சாவு குறையும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, முதுகுவலி மட்டும்தான்.

எதிர்வீட்டு அக்கா சாடியின் அடியில் இரண்டு கைப்பிடி கல் போடுகிறவர். அவர் அம்மாவும் போட்டாராம்.

"கல்லு போட்டா தண்ணி கீழ எறங்கிடும்ல?"

"அக்கா, உங்க பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்ச் ஒண்ணு குடுங்க."

ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வாக்கில் பிடித்தேன். சொட்டி முடித்து நின்றது. அதையே திருப்பி நட்டமாக நிறுத்திப் பிடித்ததும் மறுபடி தண்ணீர் கொட்டியது. "இன்னும் இருந்துச்சா!" என்றார். ஸ்பாஞ்சின் துளைகள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் உயரம் மாறவே இல்லை. படுத்திருக்கும்போது அந்த ஈர உயரத்துக்குள் ஸ்பாஞ்ச் முழுக்க அடங்கிவிடுகிறது. நிமிர்ந்து நிற்கும்போது அடிப்பக்கம் மட்டும் ஈரத்தில் இருக்க, மேல் பக்கம் வடிந்துவிடுகிறது. சாடி மண்ணும் இப்படித்தான். எவ்வளவு துளை போட்டாலும், வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு பட்டை ஈரம் நின்றே தீரும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது மண் துகளின் பருமன். பொடி மண்ணில் உயரம் அதிகம், கரடான கலவையில் குறைவு. சாடியின் ஆழம் எவ்வளவாக இருந்தாலும் அந்த உயரம் அதேதான். அதனால்தான் ஆழமில்லாத அகலச் சாடியில் மிளகாய் தவிக்கிறது, ஒடுங்கிய உயரச் சாடியில் தழைக்கிறது.

இப்போது அடியில் கல்லைப் போட்டால்? பொடி மண்ணிலிருந்து கல்லின் பெரிய சந்துகளுக்குள் தண்ணீர் எளிதில் குதிக்காது. மேலே இருக்கும் மண் முழுக்க நனைந்து நிறைந்த பிறகுதான் இறங்கும். ஆக அந்த ஈரப் பட்டை கல்லுக்கு மேலே குடியேறி, வேர் இருக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மண்ணியலாளர் வால்டர் கார்ட்னர் 1959-இலேயே கண்ணாடித் தொட்டியில் மண்ணடுக்குகளை வைத்து, தண்ணீர் எப்படித் தயங்கித் தயங்கி நகர்கிறது என்று படம் பிடித்துக் காட்டிவிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கல் போடுவது நிற்கவில்லை. துளை வழியே மண் ஓடிவிடக்கூடாது என்பதுதான் கவலையென்றால், பழைய சன்னல் கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி வைத்தால் போதும்.

நம் பாட்டிகளுக்கு இந்தக் கவலையெல்லாம் இருந்ததில்லை. ஊலு திராம் பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில், லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் வெண்டையும் கத்தரியும் சும்மா விளைந்தன என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கைராசி என்பார்கள். கைராசியோடு இயற்பியலும் இருந்தது. தரையில் மண் கீழே கீழே தொடர்ந்துகொண்டே போகிறது, தண்ணீரும் கூடவே இழுபட்டு இறங்கிவிடும். சாடியில் அந்தத் தொடர்ச்சி ஒரு அடியில் அறுந்துபோகிறது. தரையில் பிழைத்த அதே மண்ணைச் சாடியில் போட்டால் பிழைக்காதது இதனால்தான்.

ஜொகூரின் செம்மண்ணைக் குறை சொல்ல மனம் வராது. குளுவாங் பக்கத்து ரெங்கம் ஊரின் பெயரையே ஒரு மண் வகைக்கு வைத்திருக்கிறார்கள். கருங்கல் பாறை சிதைந்து உண்டான மண் அது, தீபகற்பத்தில் ரப்பரும் செம்பனையும் அதில்தான் பரந்து கிடக்கின்றன. காட்டு நிலத்தில் அது கட்டிகட்டியாக, நடுவே சந்து விட்டு நிற்கும். மண்வெட்டியால் கொத்தி, பையில் அடைத்து, சாடியில் கொட்டி, மேலே மழையும் அடித்தால் அந்தக் கட்டிகள் நொறுங்கிப் படிந்துவிடும். மூன்று மாதத்தில் விரல் இறங்காது. போதாததற்குப் புளிப்பு மண் வேறு.

பள்ளியில் கெமாஹிரான் ஹிடுப் பாடம் படித்தவர்களுக்கு 3:2:1 மனப்பாடமாக இருக்கும்: மண் மூன்று பங்கு, மக்கிய உரம் இரண்டு, மணல் ஒன்று. இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் நிறுவனத்தார் 1930-களில் சாடிக் கலவைக்கு 7:3:2 என்று ஒரு கணக்குப் போட்டார்கள். அதிலும் மண்ணுக்குத்தான் பெரிய பங்கு, பிறகு பீட், பிறகு மணல். அவர்கள் மண், அவர்கள் கண்ணாடி வீடு, அவர்கள் மழை. எனக்கு 3:2:1-இல் நம்பிக்கை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெர்மாஸ் ஜெயா வாசலில் வைக்கும் சாடிக்கு மண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அந்த ஒரு பங்கு மணலும் உதவாது. பாயசத்தில் நாலு முந்திரி போட்டால் அது பாயசமாகவேதான் இருக்கும். கரடான பொருள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அளவுக்குச் சேர்ந்தால்தான் நடுவே காற்றுக்கு வழி பிறக்கும். அதற்கு முன்னால் பொடி மண் எல்லாச் சந்தையும் அடைத்துக்கொள்கிறது. நைசான மணல் என்றால் இன்னும் மோசம். கடற்கரை மணலை நினைத்தே பார்க்காதீர்கள், உப்பு.

சரி, கரடான பொருளுக்கு எங்கே போவது? பெர்லைட், சுட்ட களிமண் உருண்டை எல்லாம் கடையில் அழகாக அடுக்கியிருக்கிறார்கள். நாலு சாடிக்கு வாங்கலாம், நாற்பதுக்கு வாங்க முடியாது. ஆனால் நம்மைச் சுற்றிக் கிடப்பதைப் பாருங்கள். பாசாரில் தேங்காய்ப்பால் பிழிகிற கடையில் மட்டை கிடைத்தால் கேட்டு வாங்கி வாருங்கள். அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, சில நாள் தண்ணீரில் ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி மாற்றினால் உப்பும் துவர்ப்பும் போய்விடும். நார்க்கழிவுப் பொடிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பொடி தண்ணீரைக் கட்டிக்கொள்ளும். துண்டு தன் உடம்புக்குள் ஈரத்தை வைத்துக்கொண்டு, சுற்றிலும் காற்றை விடும். அடுத்தது நெல் உமி. சுடாத உமியில் சிலிக்கா அதிகம், சீக்கிரம் மக்காது, வடிவம் மாறாமல் நிற்கும். கருக்கிய உமியும் நல்லதுதான், ஆனால் அமுக்கினால் பொடிந்துவிடும், கொஞ்சம் கார குணமும் உண்டு. நம் புளிப்பு மண்ணுக்கு அது ஒத்துப்போகும். பிறகு சாத்தே சுடுகிற மரக்கரி. பட்டாணி அளவுக்கு உடைத்துப் போடலாம், மக்கவே மக்காது. அச்சில் அழுத்திய கரிக்கட்டி வேண்டாம், அதில் என்ன பசை என்று யாருக்குத் தெரியும். எங்கள் வரிசையில் எப்போதும் யாராவது ஒருவர் வீட்டை உடைத்துக் கட்டிக்கொண்டிருப்பார். செங்கல் துண்டு கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். சிமெண்ட் ஒட்டியதை மட்டும் தள்ளிவிடுங்கள்.

ஆற்றோர மண்ணை மட்டும் நான் தொடுவதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூடியதைப் பார்த்த பிறகு, சாப்பிடுகிற செடிக்கு அந்தப் பக்கத்து மண் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. எந்த மண்ணானாலும் கையுறை போட்டுக் கலப்பது நல்லது. மெலியோய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி நம் நாட்டு ஈரமண்ணில் இருக்கிறது. நீரிழிவுக்காரர்களுக்கு, அதுவும் கையில் கீறல் இருந்தால், ஆபத்து அதிகம். நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம்.

கலவை சரியா என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். காலி ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலின் கழுத்தை வெட்டுங்கள். அடியில் சூடு காட்டிய ஆணியால் ஐந்தாறு துளை போட்டு, வெளியிலிருந்து டேப்பால் அடைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் கலவையை அளந்து போட்டு, லேசாகத் தட்டி, கலவையின் மேல்மட்டம் வரைக்கும் தண்ணீர் மெல்ல ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, மேலே மினுமினுக்கும் அளவுக்கு மறுபடி நிரப்புங்கள். பிறகு ஒரு பாத்திரத்தின் மேல் பிடித்து டேப்பை உரித்துவிட்டு, சொட்டு நிற்கும்வரை வடியவிடுங்கள். வடிந்த தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது காற்று இருக்கிறது. 100 மில்லிக்குக் குறைவாக வடிந்தால் அந்தக் கலவை இந்த மழைக்கு ஆகாது. 200 மில்லி வடிந்தால் தைரியமாக மிளகாய் நடலாம். கடையில் வாங்கிய வெறும் கறுப்பு மண்ணை ஒரு போத்தலிலும், அதோடு சம பங்கு உமியும் சம பங்கு தேங்காய் மட்டைத் துண்டும் கலந்ததை இன்னொரு போத்தலிலும் போட்டுப் பிள்ளைகளோடு அளந்து பாருங்கள். அதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை.

கறுப்பு மண் என்று சொன்னேன். பையில் என்ன இருக்கிறது என்று பல பைகளில் எழுதியிருப்பதே இல்லை. தொட்டால் பஞ்சு போல, பிழிந்தால் காப்பி நிறத்தில் நீர் விட்டால், அது கம்புட் (பீட்) மண்ணாக இருக்கலாம். பொந்தியான் பக்கம் அன்னாசி விளைவது இந்தக் கம்புட் நிலத்தில்தான், வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு. அந்த மண்ணுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஒருமுறை எலும்பு போலக் காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரை ஏற்காது. மழை ஊரான நமக்கு இது எப்போது வேலை வைக்கும் என்று கேட்கலாம். 2014 ஜனவரி, பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் தொடர்ந்து 27 நாள் மழை இல்லை. இந்தப் பக்கமும் புல்லெல்லாம் பழுத்துவிட்டது. அந்த மாதிரிக் காய்ச்சலில் மண் சுருங்கிச் சாடியின் சுவரை விட்டு விலகிவிடும். நாம் ஊற்றுவது அந்த இடுக்கு வழியாகச் சறுக்கி, துளையில் வெளியேறிவிடும். துளையில் தண்ணீர் வருவதைப் பார்த்து, செடி குடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அப்போது சாடியைத் தூக்கி, அரை வாளித் தண்ணீரில், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்புக் கலந்து, அரை மணி நேரம் உட்காரவையுங்கள். அடியிலிருந்து ஏறும்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதற்கும் நேரங்காலம் கிடையாது. சாடியைத் தூக்கிப் பாருங்கள், கனம் சொல்லிவிடும். தூக்க முடியாத சாடியில் விரலை இரண்டு கணு இறக்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் பல சாடிகளுக்கு வாரக் கணக்கில் குவளையே தேவைப்படாது. ஃபிளாட் பால்கனியில், மேலே கூரை மறைப்பில் இருக்கும் சாடிக்கோ வெளியே கொட்டும் மழையிலும் ஒரு சொட்டு விழாது, காற்று மட்டும் அடித்துக் காயவைக்கும். ஒரே வீட்டின் முன்சாடியும் பின்சாடியும் இரண்டு ஊர்க்காரர்கள் மாதிரி. மறைப்பில் இருக்கும் சாடிக்கு மட்டும் உமியைக் குறைத்து நார்க்கழிவைக் கூட்டிக்கொள்ளலாம். காணொளிக்காரர் சொன்னது அங்கே பலிக்கும்.

சாடியை நேராக டைல்ஸ் மேல் உட்காரவைக்காதீர்கள். ஈரத் தரையும் சாடியின் அடியும் ஒட்டிக்கொண்டு துளையை அடைத்துவிடும். உடைந்த டைல்ஸ் துண்டு மூன்றை முக்கோணமாக வைத்து ஏற்றினால் போதும். அடித்தட்டை மழைக்காலத்தில் எடுத்தே விடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீர் ஈரப் பட்டையை இன்னும் உயர்த்துகிறது என்பது ஒரு பக்கம். ஏடிஸ் கொசு அந்தத் தட்டில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும் என்பது இன்னொரு பக்கம். தட்டு காய்ந்தாலும் ஒட்டியிருக்கும் முட்டை மாதக் கணக்கில் உயிரோடிருக்கும், ஆகவே கொட்டினால் மட்டும் பற்றாது, தேய்த்துக் கழுவ வேண்டும். சுகாதார அதிகாரிகள் டார்ச் அடித்துப் பார்ப்பது முதலில் இந்தத் தட்டுகளைத்தான். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி சீட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். டிங்கி வந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் சீட்டு எவ்வளவோ மேல் என்பார்கள்.

ஃபிளாட்வாசிகளுக்கு அடித்தட்டை எடுத்தால் வேறு வழக்கு: கீழ்வீட்டுத் துணியில் காப்பி நிறத் தண்ணீர். அவர்கள் சாடியின் அடியில் துளை போடாமல், பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் துளை போட்டுப் பெரிய தாம்பாளத்தில் வைத்து, தினமும் காலையில் தாம்பாளத்தைக் கவிழ்த்துவிடுவது நல்லது. அந்த ஒரு விரல் தேக்கம் கூரை மறைப்பில் இருக்கும் சாடிக்கு நன்மைதான். கைப்பிடிச் சுவர் மேல் மட்டும் எதையும் வைக்க வேண்டாம். நனைந்த 20 லிட்டர் மண் 30 கிலோவை எட்டிவிடும். கீழே ஆள் நடமாட்டம்.

நன்றாக வடியும் சாடியில் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். மழை சத்தையும் கழுவிக்கொண்டு போகும். நைட்ரஜனும் பொட்டாசியமும் முதலில் ஓடும். மாதம் ஒருமுறை அள்ளிப் போடுகிறவர் உரத்தில் பாதியைச் சாக்கடைக்குப் போடுகிறார். ஆட்டுப் புழுக்கையோ கோழிச்சாண உருண்டையோ, ஒரு கைப்பிடியை நாலாகப் பிரித்து வாராவாரம் போடுங்கள். பழைய சாடி மண்ணையும் எறிய வேண்டாம். வேரைச் சலித்து எடுத்துவிட்டு, புதிதாக உமியும் மட்டையும் சேர்த்தால் அடுத்த போகத்துக்கு ஆகும். அழுகி இறந்த செடியின் மண்ணை மட்டும் தக்காளி, மிளகாய், கத்தரிக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வீட்டில் ஒரு மூலை எப்போதும் ஈரமாகவே இருக்கும், எந்தக் கலவையும் அங்கே பலிக்காது. அங்கே போய்க் கறிவேப்பிலையோடு மல்லுக்கட்டுவானேன்? வல்லாரைக்கும் பாண்டானுக்கும் அந்த மூலை சொர்க்கம். பாசாரில் மீன்காரர் வீசும் ஸ்டைரோஃபோம் பெட்டியைக் கேட்டு வாங்கி, கழுவி, அடியில் துளையே போடாமல் முக்கால் பெட்டி மண் நிரப்பிக் கங்கோங் தண்டுகளைக் குத்தி வையுங்கள். மண்ணுக்கு மேல் தண்ணீர் நிற்காத அளவுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு துளை இருக்கட்டும். மழை எவ்வளவு அடித்தாலும் அதற்குக் கவலையில்லை. கிள்ளக் கிள்ள வரும். பெலாச்சான் போட்டு வதக்க வாரம் ஒரு கட்டுக்குக் குறையாது.